"வாடா கண்ணா" என்று ஓநாயிடம் சொல்லாதீர்கள்

நான் படிக்கக் கிளம்பியபோது சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு கிடையாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று கிளம்புவார்கள். நான் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் வட கரோலினா. செலவுக்கு அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், அது தனிக்கதை.

அங்கே சிவப்பு ஓநாய்களைப் பராமரிக்கும் மாணவர் குழுவில் சேர்ந்தேன். (பாட்டி இன்னும் செந்நாய் என்றுதான் சொல்கிறார். செந்நாய் நம் ஆசியக் காடுகளில் இருப்பது, இது வேறு.) 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம். இன்றிருப்பவை எல்லாமே பிடித்து வளர்க்கப்பட்ட 14 ஓநாய்களின் வாரிசுகள். 1987இல் வட கரோலினாவிலேயே இருக்கும் அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தில் மறுபடியும் காட்டுக்குள் விட்டார்கள்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே பூனைகளுக்குச் சோறு வைத்த பழக்கம். தீனியைக் கொட்டிக்கொண்டே "வாடா கண்ணா" என்றேன். சீனியர் என்னை வேலிக்கு வெளியே கூட்டிவந்து, "இதன் குட்டி ஒருநாள் காட்டுக்குப் போகலாம். மனிதக் குரல் என்றால் சாப்பாடு என்று பழகிவிட்டால் ரோட்டோரம் வந்து நிற்கும்" என்றார். காட்டில் இவற்றைக் கொல்வதில் வண்டியும் துப்பாக்கியும்தான் முன்னால் நிற்கின்றன.

அப்புறம் வாயே திறக்கவில்லை. எச்சம் அள்ளுவது, மிஞ்சிய தீனியை எடைபோட்டு எழுதுவது, இவ்வளவுதான் வேலை. பரிசோதனை நாள் மட்டும் வேறு மாதிரி. ஓநாயை மெல்ல மூலைக்கு ஒதுக்கி, வாய்க்கட்டுப் போட்டு, கண்ணைத் துணியால் மூடுவோம். அது துள்ளாது, தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். ரத்தம் எடுத்து, தடுப்பூசி போட்டு, எடை பார்க்கும்வரை விலாவில் வைத்த என் கைக்குக் கீழே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: "சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்" என்று கட்டுரையைத் தொடங்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கிளினிக்கிலோ காப்பகத்திலோ உதவிக்குப் போகும் முதல் நாளே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், என்ன பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் அனுபவ நேரத்தைக் கேட்டபோது என்னிடம் கணக்கே இல்லை. இரண்டு ராத்திரி பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்டினேன்.

இன்னொன்று, திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய உரிமம் வேண்டும். சேரப்போகும் பட்டம் சிங்கப்பூரில் செல்லுமா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் பட்டியலில் பாருங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால்.