கான்கிரீட் ஊற்றும் முன் பேசி முடிக்க வேண்டியவை

சாதாரண வீட்டில் தப்பை மறைக்க நிறைய இடம் இருக்கிறது. சுவரடியில் பூச்சு கொஞ்சம் வளைந்துவிட்டால் அங்கே ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மூடிவிடும். கதவு நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் விழும் விரிசலை மரப்பட்டி மறைக்கும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் தரை 10 மி.மீ. ஏறி இறங்கினால் வாசலில் ஒரு கிரானைட் பட்டையைப் போட்டுச் சரிக்கட்டலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எழும்பும் பெரிய வீடுகளில் டிசைனர் முதலில் எடுத்துவிடுவது இவற்றைத்தான். ஸ்கர்ட்டிங் சுவருக்குள் போய்விடும். கதவு தரையிலிருந்து சீலிங் வரை நிற்கும். ஹாலின் மார்பிள் தரை அப்படியே நீண்டு வெளி டெக்கோடு சேரும். மூடுவதற்கு எதுவும் இல்லாததால், கம்பி கட்டிய நாளில் விழுந்த 15 மி.மீ. பிழை கிரகப்பிரவேசத்தன்று எல்லோர் கண்ணிலும் படும்.

அதனால் பில்டரும் டிசைனரும் சேர்ந்து உட்கார வேண்டிய நேரம் இன்டீரியர் தொடங்கும்போது என்று நினைப்பது பெரிய தவறு. முதல் ஸ்லாபுக்கு (கான்கிரீட் தளத்துக்கு) சென்ட்ரிங் பலகை அடிக்கும் முன்பே அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

முதல் சண்டை எப்போதும் மட்டத்தில்தான் வரும். டிசைனரின் வரைபடத்தில் எல்லா உயரமும் முடிந்த தரையிலிருந்து எழுதப்பட்டிருக்கும். சைட்டில் மேஸ்திரி அளப்பது ஸ்லாபின் மேலிருந்து. நடுவில் கலவையும் கல்லுமாக 65 மி.மீ. வரப்போகிறது என்றால், 1200 மி.மீ. உயரத்தில் வைத்த சுவிட்ச் பெட்டி கடைசியில் 1135-இல் நிற்கும். ஜன்னல் அடிமட்டம், பாத்ரூம் குழாய், சமையல் மேடை எல்லாமே இதே கணக்கில் இறங்கும். இதற்கு மருந்து மிக எளிது. முடிந்த தரை எங்கே வரும் என்று தீர்மானித்து, அதற்கு 1 மீட்டர் மேலே எல்லாத் தூணிலும் சுவரிலும் லேசரால் ஒரு கோடு அடிக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலிலும் அடிக்கலாம், குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டும் மட்டம் பொய் சொல்லும். பூச்சு முடிந்ததும் அதே கோட்டை மறுபடி அடிக்க வேண்டும். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கார்பென்டர், கல் பதிப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று அளக்க வேண்டும். டிசைனரும் தன் வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டால் பாதி வாக்குவாதம் அன்றே தீர்ந்தது.

அடுத்தது தரையின் கனம். ஹாலில் 18 மி.மீ. இத்தாலிய மார்பிள், அதன் கீழே 45 மி.மீ. கலவை, மொத்தம் 63. படுக்கையறையில் 14 மி.மீ. மரத்தரை, 3 மி.மீ. ஃபோம், அதன் கீழே 45 மி.மீ. ஸ்கிரீட் (சமன்செய்யும் சிமெண்ட் கலவை), மொத்தம் 62. தாழ்வாரத்தில் ஆத்தங்குடி கல் என்றால் கல்லே ஏறக்குறைய 20 மி.மீ., கலவையோடு 60 தாண்டும். இவை மூன்றும் தற்செயலாக நெருங்கி வருவதால் ஸ்லாபை ஒரே மட்டத்தில் போட்டுவிடலாம். ஆனால் வீட்டுக்காரர் பாதியில் மனம் மாறி, படுக்கையறையில் பசை தடவி ஒட்டும் மெல்லிய டைல் வேண்டும் என்றால் அங்கே ஸ்கிரீடைக் கனமாக்க வேண்டும். ஹாலில் 30 மி.மீ. கல் வேண்டும் என்றால் கலவையைக் குறைக்க முடியாது, ஹாலே உயர்ந்துவிடும். எந்த அறையில் என்ன தரை என்பதை ஸ்லாபுக்கு முன் கையெழுத்தோடு முடிக்கச் சொல்வது இதற்காகத்தான். நிறத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம், கனத்தை முடியாது. வெள்ளை மார்பிளுக்கு வெள்ளை சிமெண்ட் கலவைதான் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். சாம்பல் சிமெண்டின் நிழல் ஈரத்தோடு மேலே ஏறிக் கறையாக நின்றுவிட்டால் எந்தப் பாலிஷிலும் போகாது. ஆத்தங்குடி கல் சுடாத சிமெண்ட் கல். அதைக் கழுவ ஆசிட்டைத் தொடவே கூடாது என்று கடைசி நாள் சுத்தம் செய்ய வரும் ஆட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் ஆசைப்படும் அந்த இடத்துக்கு வருவோம்: ஹாலிலிருந்து கடல் பக்கமாகத் திறக்கும் 6 மீட்டர் கண்ணாடி ஸ்லைடிங் கதவு. இந்த ஒரு திறப்பில் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கதவு செய்பவர், வாட்டர்ப்ரூஃபிங் ஆள், கல் பதிப்பவர் என ஐந்து பேரின் வேலை சந்திக்கிறது. ஐந்தில் ஒருவர் தாமதமாக வந்தாலும் கெடும்.

வெளி டெக்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாட்டர்ப்ரூஃபிங்கும் அதைக் காக்கும் மேல்பூச்சும் 30 மி.மீ., ஸ்கிரீடின் குறைந்தபட்சக் கனம் 25, 3 மீட்டர் அகல டெக்குக்கு 1:100 வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) என்றால் கதவோரத்தில் இன்னொரு 30, கல்லும் கலவையும் 45. மொத்தம் 130 மி.மீ. உள்ளே நமக்கு இருப்பது 65 மட்டும். வெளித்தரை உள்தரையைவிட 15 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் என்று வைத்தால், வெளி ஸ்லாப் உள் ஸ்லாபைவிட 80 மி.மீ. இறங்க வேண்டும் என்று கணக்கு வரும். சென்ட்ரிங்கில் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து 100 முதல் 125 வரை வைப்பது நல்லது. இந்த இறக்கத்தை மறந்துவிட்டு ஸ்லாபை ஒரே மட்டத்தில் ஊற்றிய வீடுகளில் இரண்டே வழிதான் மிச்சம்: வாசலில் ஒரு படி கட்டி டிசைனையே கைவிடுவது, அல்லது வாட்டர்ப்ரூஃபிங்கையும் வாட்டத்தையும் குறைப்பது. இரண்டாவதைச் செய்தால் ஐப்பசி மழையில் காற்று தள்ளும் தண்ணீர் நேராக மார்பிளுக்கு அடியில் போகும்.

கீழ் டிராக் தரைக்குள் புதைய வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து அதற்கு 60 முதல் 100 மி.மீ. ஆழம் தேவைப்படும். அந்தக் குழியை கான்கிரீட்டிலேயே பெட்டி வைத்து விட்டுவிட வேண்டும். பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்பது மிக ஆபத்தான பேச்சு. டிராக் வரும் இடம் பெரும்பாலும் ஓரத்து பீமின் தலை. இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, கம்பிக்கு 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) குறைந்தது எம்30 வலிமை ரகக் கான்கிரீட்டும் கேட்கிறது. 60 மி.மீ. உடைத்தால் கவர் முழுவதும் போய் ரிங் கம்பி வெளியே தெரியும். உப்புக் காற்றும் டிராக்கில் தேங்கும் தண்ணீரும் அதன் மேல்தான் விழும். குழி வேண்டும் என்று முன்பே தெரிந்தால் இன்ஜினியர் பீமின் தலையையே கீழே இறக்கிக் கம்பி போட்டுக் கொடுப்பார். டிராக்கின் தண்ணீர் வெளியேற ஒரு வடிகுழாயும் அந்தக் குழியிலிருந்தே போக வேண்டும். அது எங்கே போய் விழும் என்பதை யாரும் கேட்பதில்லை, கேளுங்கள்.

கதவுக்கு மேலே இருக்கும் பீம் தொய்யும். எல்லா பீமும் தொய்யும், அது குற்றமில்லை. பூச்சும் தடுப்புச் சுவரும் வந்த பிறகு ஏற்படும் தொய்வுக்கு ஐ.எஸ். 456 விதிக்கும் எல்லை, நீளத்தில் 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., எது குறைவோ அது. 6 மீட்டருக்கு 17 மி.மீ. வருகிறது. விதிப்படி பீம் சரிதான், ஆனால் மேல் சட்டத்தில் அவ்வளவு இடைவெளி விடாத கதவு இறுகி நின்றுவிடும். ஆகவே கதவு செய்பவரிடம் அவருடைய மேல் சட்டம் எத்தனை மி.மீ. அசைவைத் தாங்கும் என்று எழுத்தில் கேட்டு, அந்த எண்ணை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டும். அவர் பீமை ஆழப்படுத்துவார், அல்லது நடுவில் ஒரு தூண் கேட்பார். தூண் வந்தால் ஆர்க்கிடெக்ட் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். இந்த மூவர் பேச்சு பேப்பரில் நடந்தால் ஒரு வாரம், கட்டிய பின் நடந்தால் வழக்கு. கான்கிரீட்டின் தொய்வு முட்டு எடுத்த அன்றோடு நிற்பதில்லை, க்ரீப்பால் (சுமை நிலையாக நிற்கக் கான்கிரீட் மெல்ல வளைவதால்) மாதக்கணக்கில் தொடரும். மேல் தளத்தில் சுவரும் கல்தரையும் ஏறிய பிறகே கதவின் கடைசி அளவை எடுக்க வேண்டும்.

கண்ணாடியின் எடையையும் பாருங்கள். ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 மி.மீ.யில் இரட்டைக் கண்ணாடி என்றால் 30 கிலோ. 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு கதவில் கண்ணாடி மட்டும் 180 கிலோ. காம்பவுண்டுச் சுவரும் பெர்கோலாவும் முடிந்த பிறகு அதை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது பில்டரின் கேள்வி, டிசைனர் யோசிக்க மாட்டார். கடற்கரையில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு பழுப்புக் கறை பிடிக்கும், 316 கேளுங்கள். அலுமினியச் சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பைப் பூச்சு வேலை முடியும்வரை எடுக்க விடாதீர்கள். ஈர சிமெண்ட் பட்ட இடம் வெளுத்து நிரந்தரமாகத் தழும்பாகிவிடும்.

ஏசியில் சிக்கல் வேறு மாதிரி. தளத்துக்குத் தளம் 3600 மி.மீ., அதில் பீம் 600, தரை 65 போக பீமுக்குக் கீழே 2935 மிச்சம். டிசைனர் சீலிங்கை 2900-இல் வரைந்திருப்பார். பீமுக்குக் கீழே குளிர்காற்று போகும் டக்ட் போனால் இன்சுலேஷனும் ஃபால்ஸ் சீலிங்கும் சேர்ந்து 2600-க்கு இறங்கிவிடும். ஆகவே உள் யூனிட்டை பீம்களுக்கு நடுவில் வைத்து, செப்புக் குழாயும் வடிகுழாயும் மட்டும் பீமைத் துளைத்துப் போக வேண்டும். துளைக்கான ஸ்லீவை (கான்கிரீட்டுக்குள் விட்டுவைக்கும் குழாய்த் துண்டை) கம்பி கட்டும்போதே வைக்க வேண்டும். இடத்தை முடிவு செய்பவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மட்டுமே. தூணை ஒட்டிய பகுதியைத் தவிர்த்து, பீம் ஆழத்தின் நடுவில் வைப்பது வழக்கம். வடிகுழாய்க்கு 1:100 வாட்டம் என்றால் 8 மீட்டரில் 80 மி.மீ. இறங்கும். எனவே எல்லா பீமிலும் ஸ்லீவை ஒரே உயரத்தில் வைத்தால் தண்ணீர் ஓடாது. இந்தச் சின்னக் கணக்குத் தப்பி, பிறகு துளை போடும் கோர் கட்டிங் இயந்திரத்தால் பீமின் கம்பியையும் சேர்த்து அறுக்கும் சைட்டுகள் ஏராளம்.

பாத்ரூமில் அதிகம் கெடுவது டைவர்ட்டர், அதாவது தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும், சுவருக்குள் பதிக்கும் வால்வு. அதன் உடலில் குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழக் குறி இருக்கும். அந்தக் குறி முடிந்த சுவரின் முகத்துக்கானது. பிளம்பர் அதைப் பூச்சு முகமாக நினைத்துப் பதித்துவிடுவார். மேலே கல்லும் பசையுமாக 30 மி.மீ. ஏறியதும் கைப்பிடி மாட்ட நீளம் போதாது. சுவர்க் கல்லின் கனத்தை டிசைனர் முன்னரே சொல்லிவிட்டால் இது வராது. பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட சன்க்கன் ஸ்லாபில் குறைந்தது 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதை பிளம்பிங்குக்கு முன் ஒரு முறை, குழாய் போட்ட பின் ஒரு முறை என்று இரண்டு தரம் செய்யுங்கள்.

முழு உயரக் கதவுக்கும் மறைந்த ஸ்கர்ட்டிங்குக்கும் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். சுவரோரம் விடும் 10 மி.மீ. நிழல் இடைவெளி மேலே 10, கீழே 4 என்று போனால் தூரத்திலிருந்தே தெரியும். 3 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கேற்ற கூலியையும் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண பூச்சுக் கூலிக்கு இந்தத் துல்லியத்தைக் கேட்பது அநியாயம். அலுமினிய ஸ்கர்ட்டிங் பட்டை பூச்சுக்கு முன்பே சுவரில் ஏற வேண்டும். புல்மார்க்கை (பூச்சின் கனத்தைக் காட்டும் அடையாளப் பொட்டை) அந்தப் பட்டையின் முகத்துக்கு வைத்துத்தான் பூச வேண்டும்.

இவ்வளவையும் சதுர அடி ரேட் ஒப்பந்தத்தில் செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ரேட்டில் டிராக் குழி இல்லை, ஸ்லீவ் இல்லை, 3 மி.மீ. பூச்சும் இல்லை. ஒவ்வொன்றும் எக்ஸ்ட்ரா ஐட்டமாக மாறும்போது பில்டர் பேராசைக்காரர் போலவும் டிசைனர் ஊதாரி போலவும் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை வைக்கும் ஐட்டம் ரேட்டில் அளவுப் பட்டியல் போடுங்கள். வரைபடம் முடியும் முன்பே பில்டரை அழைத்து, அந்தக் காலத்துக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து உட்கார வையுங்கள். எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரே தாளில் எழுதுங்கள்: முடிவு என்ன, யார் எடுக்க வேண்டும், கடைசித் தேதி எது. தேதியைக் கான்கிரீட் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கதவு செய்பவரின் வரைபடம் கம்பி கட்டும் முன் வர வேண்டும் என்றால், ஆர்டர் அதற்கும் பல வாரம் முன்பே போயிருக்க வேண்டும். ஊற்றும் நாளன்று ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிகல், பிளம்பிங், ஏசி எல்லோரும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் மிக்சர் லாரியை வரவழைக்கக் கூடாது. சைட்டில் சுற்றும் பழைய வரைபடங்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவதும் பில்டரின் பொறுப்பு.

கண்ணாடிக் கதவை மாட்டியதும், உள்ளே மார்பிள் பதிக்கும் முன், வடிகாலை அடைத்து டெக்கில் டிராக் மட்டத்துக்குக் கீழ்வரை 48 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். பிறகு ஹோஸால் கதவின் மீது வெளியிலிருந்து அடித்து, உள்ளே டிராக்கின் ஓரத்தில் வெறும் ஸ்லாபைத் தடவிப் பாருங்கள். இதைச் செப்டம்பருக்குள் முடித்துவிட்டால், ஈரம் தெரிந்தாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் டிராக்கைக் கழற்றிச் சரிசெய்ய நாள் இருக்கும்.