கிளட்ச் மாற்றிய பிறகு பவர் ஸ்டீயரிங் ஒழுகல்: கண்டுபிடித்த விதம்

கிளட்ச் மாற்றி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, காரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. என்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். கூலன்டில் எண்ணெய் வழுவழுப்பு இருக்காது. என் 2009 டீசல் காரின் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுவது சிவப்பு நிற ஏடிஎஃப் எண்ணெய் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெய்). அந்த எண்ணெய் நிற்கும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மேல்கோட்டில் நிற்க வேண்டியது கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தது.

கியர்பாக்ஸை இறக்குவதற்காக, முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் அமர்ந்திருக்கும் குறுக்குச் சட்டத்தையும் இறக்கி, அதற்குப் போகும் ஹோஸ்களைக் கழற்றியிருந்தார்கள். பட்டறையில், எண்ணெய் ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸின் கிளிப்பை இறுக்கி அனுப்பினார்கள். இரண்டே நாளில் மறுபடியும் கறை. அடுத்த முறை போனபோது, “ரேக் சீல் போய்விட்டது, ரேக்கையே மாற்றிவிடலாம்” என்றார்கள். வேலைக்கு முன்பு ஒரு சொட்டுகூட ஒழுகாத ரேக், கிளட்ச் மாற்றிய அன்றே எப்படிப் போகும்? மனம் ஒப்பவில்லை.

ஞாயிறு காலை நானே கீழே படுத்துப் பார்த்தேன். எண்ணெய் ரேக்கிலிருந்துதான் சொட்டியது. பட்டறைக்காரர் சொன்னது சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்திப் பார்த்தால், உள்ளே கிரீஸ் மட்டுமே. முனை சீல் போயிருந்தால் எண்ணெய் முதலில் அந்த உறைக்குள்தான் தேங்கும்.

அன்று திருச்செங்கோட்டிலிருந்து மாமா வந்திருந்தார். இருபது வருடம் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ஹைட்ராலிக் ஹோஸ்களோடு வாழ்ந்த மனிதர். “மாப்பிள்ளை, எண்ணெய் மேலிருந்துதானே கீழே வரும்? சொட்டுகிற இடத்தை விடுங்கள். எல்லாவற்றையும் கழுவிவிட்டு, முதலில் நனைகிற இடத்தைப் பாருங்கள்” என்றார்.

மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பம்பிலிருந்து ரேக் வரை தேய்த்துக் கழுவினோம். நன்றாகக் காய்ந்ததும் இணைப்புகள் மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவினேன். அடியில் பழைய மாதக் காலண்டர் தாள்களை வெள்ளைப் பக்கம் மேலாக விரித்தேன். இரவு முழுவதும் நின்றும் தாளில் ஒரு புள்ளி இல்லை. டப்பாவும் ரிட்டர்ன் ஹோஸும் ஒழுகினால் வண்டி நிற்கும்போதும் சொட்டும். எனவே சந்தேகம், என்ஜின் ஓடும்போது பம்ப் எண்ணெயை ரேக்குக்குத் தள்ளும் அழுத்தப் பக்கம் திரும்பியது. டயரில் நாம் அடிக்கிற காற்று 30 பவுண்டு சொச்சம். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பிடிக்கையில் இந்த எண்ணெயின் அழுத்தம் 1000 பவுண்டைத் தாண்டும்.

மறுநாள் மனைவி ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நான் டார்ச்சுடன் மேலிருந்து பார்த்தேன். “கையை உள்ளே விட்டுவிடாதீர்கள்” என்று மாமா எச்சரித்தார். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். என்ஜின் ஓட, ஸ்டீயரிங் நேராக இருந்தபோது ஒன்றுமில்லை. வலப்புறம் கடைசி வரை திருப்பி இரண்டு நொடி பிடித்ததும், பம்பில் பைப்பை இணைக்கும், நடுவே எண்ணெய் போகத் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் தலைக்குக் கீழே பவுடர் மெல்ல ரோஜா நிறமானது. அடுத்த திருப்பத்தில் ஒரு முத்து திரண்டு, பம்பின் முதுகு வழியாக இறங்கி, பைப்பைப் பிடித்து நடந்து, ரேக்கின் மேல் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போல்ட்டைக் கழற்றினால் இருபுறமும் இரண்டு செம்பு வாஷர்கள். ஒன்றில் பழைய அமுக்கத்தின் வளையம் பதிந்திருக்க, அதிலிருந்து சற்று விலகி இன்னொரு வளையம். பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செம்பு ஒருமுறை நசுங்கி உருவம் பிடித்தால் இறுகிவிடும், மறுமுறை சரியாக அமராது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் கட்டித் தரும் கடையில் அதே அளவில் புதிய வாஷர்கள் கிடைத்தன. இரண்டும் 40 ரூபாய். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை இரவல் வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்கினேன்.

எண்ணெய்க் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுப்பதில் அவசரப்படக் கூடாது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓட்டாமலே இருபுறமும் மெதுவாகத் திருப்பி, குமிழ் நிற்கும் வரை எண்ணெய் சேர்த்தோம். அதற்கு முன்பே ஸ்டார்ட் செய்தால் பம்ப் எண்ணெயை நுரைத்துவிட்டு ஊளையிடும்.

போன வாரம் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே நிறுத்திப் பார்த்தபோது போல்ட்டைச் சுற்றிப் புதிதாகத் தூவிய பவுடர் வெள்ளையாகவே இருந்தது. டப்பாவில் எண்ணெய் மேல்கோட்டிலேயே நின்றது. ஒன்றுதான் பாக்கி: எண்ணெயில் ஊறிய பம்ப் பெல்ட்டின் ஓரம் உப்பியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை மாற்றுகிறேன்.