காரைக்குடி வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி

கடல்மீன் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மீனைத்தான் தேடுவார்கள். எனக்குத் தண்ணீர்தான் முதல் வேலையாக இருந்தது. அதைக் கடலாக்கி, கடலாகவே வைத்திருக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

தொண்டிக் கடல் பக்கம்தானே, கேன்களில் பிடித்து வந்துவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கரையோரம் கலங்கல். மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். எனவே ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். சமையல் உப்பு இதற்கு ஆகாது. கடலில் கரைந்திருப்பதில் சோடியமும் குளோரைடும் சேர்த்து ஏறக்குறைய 85 சதவீதம்தான். மீதி மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட். கால்சியம் இல்லாமல் சிப்பியும் சங்கும் ஓடு கட்டாது. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரே சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சுதான். என்றோ கடல்நீரில் கரைந்திருந்த கால்சியம் அது.

லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 200 லிட்டருக்கு 7 கிலோ. இரவெல்லாம் பம்பு ஓடி நன்றாகக் கரைந்த பிறகுதான் அளந்தேன். ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.025, பிஹெச் (அமில, கார அளவு) 8.2.

அடுத்தது காத்திருப்பு. மீன் விடாத அந்த உப்புநீரில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விட்டேன். அதிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இரண்டும் மணலிலும் ஃபில்டரிலும் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வராமல் மீன் விடக் கூடாது. கடல்நீர் காரத்தன்மை உள்ளது. அதில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கூடுதல். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு கத்திரி வெயில் வந்தது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீரோ 6.2 அளவுதான். சூட்டைக் குறைக்க நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தேன். சூடு இறங்கியது, ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியானது. தண்ணீர் போகும், உப்பு போகாது. 200 லிட்டர் 190 ஆனாலே உப்பு லிட்டருக்கு 35-லிருந்து 36.8 கிராமுக்கு ஏறிவிடும். ஆகவே குறைந்ததை உப்புநீரால் நிரப்பக் கூடாது, நன்னீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் போர் தண்ணீர் அதற்குச் சரிப்படாத கடின நீர்.

"நம்ம முத்தத்துல பிடிச்ச மழத்தண்ணிய ஊத்தேன்டா, அதுல ஏது உப்பு?" என்றார் அப்பத்தா.

"நல்ல யோசனை சொன்னீக அப்பத்தா. ஆனா அண்டாவுல இருக்கறது வேண்டாம்."

செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டிலிருந்து முற்றத்துக்கு வழியும் மழைநீரைப் பிடிப்பது செம்பு, பித்தளை அண்டாக்களில். நமக்கு அது நல்லது. இறால், நத்தை, கடல் சாமந்தி போன்றவற்றுக்கோ துளியளவு செம்பும் நஞ்சு. அதனால் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கரி ஃபில்டரில் வடித்து ஊற்றுகிறேன். இப்போது உப்பின் அளவு அசையாமல் நிற்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அப்பத்தாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கடைசியாகத்தான் உயிர்கள் வந்தன: பண்ணையில் பொரித்து வளர்த்த ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள், ஒரு இறால். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கடல் குதிரை கேட்கிறார்கள். அதுவும் பவளமும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுபவை. யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு அதைவிட ஆச்சரியமான ஒன்றைச் சொன்னேன்: கடல்மீன் தண்ணீர் குடிக்கும். சுற்றியுள்ள உப்பு அதன் உடம்பு நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் குடித்து ஈடு செய்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது.

நைட்ரேட் ஏறும்போது 20 லிட்டர் மாற்றுகிறேன். கழித்த நீரைத் தோட்டத்திலோ ஊருணிப் பக்கமோ கொட்டிவிடாதீர்கள், மண் உவராகிவிடும். சாக்கடையில்தான் விட வேண்டும்.