மிஷனரிப் பயிற்சியும் ஒரு சீட்டுக்கட்டும்

என் கணவரின் பையில் சீட்டுக்கட்டு இருந்ததைக் கண்டுபிடித்தது என் மாமியார். அது வேதாகமத்துக்கும் ஜெபக் குறிப்பேட்டுக்கும் நடுவில் இருந்தது. அதுதான் அவரை ரொம்பப் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். தனியாகக் கிடந்திருந்தால் யாரோ தவறுதலாகப் போட்டுவிட்டார்கள் என்றாவது மனதைத் தேற்றியிருப்பார்.

“ஊழியத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?”

“இது பாடம்மா” என்றார் என் கணவர். சொல்லியிருக்கவே கூடாத பதில்.

“சீகன்பால்க் ஐயர் சீட்டு விளையாடியாடா புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தாரு?”

எங்களிடம் பதில் இல்லை. ஜெர்மனியிலிருந்து 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அந்த மிஷனரி, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்துவிட்டார். நடுவிலிருந்த ஒன்பது வருஷத்தில் எங்கேயும் சீட்டுக்கட்டு வருவதாக நானும் படித்ததில்லை.

வேறு மொழி பேசும் மக்களிடம் ஊழியத்துக்குப் போவதற்காகக் குடும்பத்தோடு பயிற்சிக்குச் சேர்ந்திருந்தோம். கணவர், நான், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள். நாங்கள் வகுப்பில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அத்தையும் கூட வந்தார். “எனக்கு அழைப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பிள்ளைங்களுக்காக வந்தேன்” என்று கேட்பவரிடமெல்லாம் முன்கூட்டியே தெளிவுபடுத்தி வைத்திருந்தார்.

பயிற்சி என்றால் காலையில் ஜெபம், பகலில் வேதபாடம், இரவில் சாட்சி என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரமே ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்கள். நமக்கு இருப்பது ஒரே ஒரு ‘ப’. இந்தியில் அதையே மூச்சை விடாமல் சொன்னால் ‘பல்’, ஒரு கணம். மூச்சைத் தள்ளிச் சொன்னால் ‘ப்ஹல்’, பழம். முதலாவதுக்குக் காகிதம் ஆடக் கூடாது, இரண்டாவதுக்கு ஆட வேண்டும். என் கணவர் பிரசங்கம் செய்தால் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவரின் பழம் காகிதத்தை அசைக்கவே இல்லை. கணம் மட்டும் அதைப் பறக்கவிட்டது. பதினைந்து நிமிடம் போராடிய பிறகு, “பழமே வேண்டாம், பட்டினி கிடந்துக்கறேன்” என்று என் காதில் சொன்னார்.

அடுத்த வாரம் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள். ஜூலு மொழியில் இவை மெய்யெழுத்துகளாம். அவற்றில் ஒன்று, மேல்பல்லின் பின்புறத்தில் நாக்கை ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. வகுப்பே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முக்கியது. நானும் அறைக்கு வந்து பயிற்சி செய்துகொண்டிருந்தேன். மடித்த துணியோடு உள்ளே வந்த அத்தை என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு “ச்சு, ச்சு, ச்சு... என்னம்மா ஆச்சு?” என்றார்.

அதேதான். மூன்று தடவையும் பிசிறில்லாமல்.

“அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். அவர் மறுபடியும் பரிதாபப்பட்டார். மகன் ஓடிவந்து, குதிரையை விரட்டும் சத்தமும் அந்த மொழியில் ஒரு எழுத்துதான் என்று சொல்லி, கன்னத்தின் ஓரத்தில் ‘டக் டக்’ என்று விரட்டிக் காட்டினான். அத்தை அதையும் ஒரே முயற்சியில் முடித்துவிட்டு, துணியை அலமாரியில் வைக்கப் போனார்.

அப்புறம் உதட்டால் சுட்டிக்காட்டும் பாடம். விரலை நீட்டுவதைப் பல சமூகங்களில் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள். லாவோஸ், பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் உதட்டைக் குவித்தே திசை காட்டுவது சகஜம். ஒரு நாள் முழுக்க யாரும் விரல் நீட்டக் கூடாது என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது எங்கள் நேரம். ஆராதனையில் பிரசங்கம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மகள் பெஞ்சில் ஏறி நின்று, ஒரு பக்கமாகத் திரும்பி, உதட்டைக் குவித்துக் குவித்துக் காட்டுகிறாள். எதிர்வரிசை அம்மா ஒருவர் குழந்தை முத்தம் கொடுக்கிறது என்று நினைத்துப் பதிலுக்கு முத்தத்தைப் பறக்கவிட்டார். மகள் தலையை ஆட்டி மறுத்து, இன்னும் அழுத்தமாகக் குவித்தாள். அந்த உதடு போன வழியே பார்த்தால், என் கணவர் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

இதிலும் அத்தைக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அறைக்கு வெளியே யார் போனாலும், அவரைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு முன்னால் அத்தையின் உதடும் முகவாயும் தானாக அந்தப் பக்கம் போகும். நாற்பது வருஷப் பழக்கம்.

கலாச்சார அதிர்ச்சி, அதாவது பழக்கமில்லாத பண்பாட்டுக்குள் போனவருக்கு வரும் தடுமாற்றம் பற்றிய வகுப்புதான் எனக்குப் பிடித்திருந்தது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் எழுதிய கட்டுரையை வைத்துப் பாடம். முதல் கட்டத்துக்குப் பெயரே தேனிலவு. இரண்டாவது நெருக்கடி. இதைக் கேட்டதும் என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் குறிப்பெடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அறிகுறிகளையும் ஓபெர்க் வரிசையாகச் சொல்கிறார்: ஓயாமல் கை கழுவுவது, குடிக்கிற தண்ணீர் பற்றியும் பாத்திரம் படுக்கை பற்றியும் அளவுக்கு மீறிய கவலை, தாமதமானால் வருகிற கோபம், வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கம். நாங்கள் இருவரும் ஒரே ஆளைத்தான் நினைத்திருக்கிறோம். “அம்மாவுக்கு இது பிறவியிலேயே இருக்கு” என்றார் கணவர்.

சரி, சீட்டுக்கட்டு. அதை வைத்து ஆடும் ஆட்டத்தின் பெயர் பார்ங்கா. உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன், பெயரிலேயே தெரியும், நம்மவர்தான். ஸ்பேட், ஹார்ட் என்று நான்கு வகையிலும் ஏஸ் முதல் ஏழு வரை, மொத்தம் 28 சீட்டுகள். மேசைக்கு மேசை ஒரு விதித்தாள் கொடுப்பார்கள். படித்ததும் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஜெயித்தவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் வேறொரு மேசைக்கும் மாற வேண்டும். விஷயம் என்னவென்றால், மேசைக்கு மேசை விதி கொஞ்சம் வேறு. ஒரு மேசையில் ஏஸ் பெரியது, இன்னொன்றில் அதுவே சிறியது. துருப்பும், அதாவது மற்றதையெல்லாம் வெல்லும் வகையும், மாறும். இதை யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

நான் ஜெயித்து, கொஞ்சம் மிதப்போடுதான் கணவர் இருந்த மேசைக்குப் போனேன். என் ஏஸைப் போட்டேன். அவர் ஸ்பேட் இரண்டைப் போட்டுவிட்டு, கூச்சமே இல்லாமல் எல்லாச் சீட்டையும் வாரிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொண்டார். பேசக் கூடாதே, அதனால் ஒரு காகிதத்தில் ஸ்பேட் படம் வரைந்து பக்கத்தில் கிரீடம் போட்டுக் காட்டினார். எனக்கு அது ஏதோ மரத்தின் மேல் பறவைக்கூடு மாதிரி இருந்தது. இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனிதர் ஏமாற்றுவார் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவர் நினைத்தாராம்.

ஆட்டம் முடிந்ததும் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். லிஸ்திரா ஊரில், பர்னபாவோடு ஊழியத்துக்கு வந்த பவுல் சொன்னதும் சப்பாணி எழுந்து நடந்ததைப் பார்த்து ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் கூச்சலிடுகிறார்கள். தங்கள் தெய்வங்களே இறங்கி வந்துவிட்டனவாம்: பர்னபா யூப்பித்தராம், பவுல் மெர்க்கூரியாம். பலி கொடுக்க எருதும் பூமாலையும் வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்து இவர்கள் இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் “எருது வருது” என்றால், ஏதோ தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

சீட்டுக்கட்டை வெளியே எடுத்து அத்தை மௌனமானபோது, “எருது வருது” என்று என் மகன் எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

அந்தப் பாடத்தை வீட்டாருக்கும் நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் கணவர் கட்டை இரவல் வாங்கி வந்திருந்தார். அரை மணி நேரம் விளக்கினோம். கடைசியில், “என்னதான் அந்தக் கருமம்னு பார்த்துட்டு அப்புறம் ஜெபம் பண்றேன்” என்று சொல்லி அத்தை உட்கார்ந்தார். நாலு பேருக்கும் நாலு விதமான விதித்தாள். அத்தை தன்னுடையதைக் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

அமைதியாக ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சுற்றில் அத்தை எதையோ போட்டார், எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். அவர் விதி அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்றிலும் வாரினார். கணவர் புருவத்தைத் தூக்கினார், அத்தை ஒரு பார்வை பார்த்தார், புருவம் இறங்கிவிட்டது. ஆட்டம் முடிந்தபோது எங்கள் மூவரிடமும் சேர்த்து ஒரே ஒரு சுற்றுக்கான சீட்டுகள் இருந்தன.

“பாட்டி, உங்க தாள்ல எது பெரிசுன்னு போட்டிருந்துச்சு?” என்றான் மகன்.

“யாரு படிச்சா? நீங்க எல்லாரும் சும்மா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் எடுத்துக்கிட்டேன்.”

மறுநாள் கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணவர் பையில் தேடினார், இல்லை. அலமாரியிலும் இல்லை. மகள் உதட்டைக் குவித்து அத்தையின் கைப்பையைக் காட்டினாள். உள்ளே வேதாகமத்துக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில், 28 சீட்டும் வகைவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது.

“பிள்ளைங்க கையில கிடைக்கக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்” என்றார் அத்தை. அப்புறம், கை கழுவப் போகிற போக்கில், “சாயங்காலம்தானே குடுக்கணும்?” என்றார்.