சார்ட் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறு சொல்கிறது

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒருவரைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தால், முதலில் அவருடைய சார்ட்டை, அதாவது அவருக்கு எப்போது என்ன செய்தார்கள் என்று ஊழியர்கள் எழுதும் பதிவைப் பாருங்கள். இரவு 10, 12, 2, 4, 6 என்று நிமிடம் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல "புரட்டிப் படுக்க வைத்தேன்" என்று இருந்தால் அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு வார்டு முழுவதையும் இரண்டே பேர் பார்க்கும் ராத்திரியில் எல்லோரையும் சரியாக 2 மணிக்குப் புரட்ட யாராலும் முடியாது. உண்மையான பதிவில் 2.10 இருக்கும், 4.25 இருக்கும், "வேண்டாம் என்றார், பிறகு வந்து பார்த்தேன்" என்றும் இருக்கும். கிறுக்கலான சார்ட்டைப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நாங்கள் நம்புவோம். பளிச்சென்ற சார்ட்தான் பயம் தரும்.

அடுத்து உடம்பு. வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு, முழங்கை, பின்தலை, காது மடல் ஆகிய இடங்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப்புண்ணின், அதாவது ஒரே நிலையில் கிடந்து பாரம் அழுத்துவதால் வரும் புண்ணின், முதல் நிலை. தோல் கிழியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். தொடைமடிப்பில் பரவலாக, ஓரம் தெளியாமல் சிவந்திருந்தால் பெரும்பாலும் ஈர டயப்பரின் வேலை. அதற்குச் சிகிச்சை வேறு, ஆனால் டயப்பரை நேரத்தில் மாற்றினார்களா என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

தானாகப் புரள முடியாதவரைப் படுக்கையில் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். 90 டிகிரிக்கு முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தொங்கவிட வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், நடுவில் ஓட்டை உள்ள வளையத்தில் உட்கார வைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படுக்கையைவிட அங்கேதான் பாரம் குறுகலான இடத்தில் விழுகிறது. மணிக்கு ஒருமுறையாவது நிலை மாற்ற வேண்டும்.

தண்ணீர்க் கூஜா காலையில் எந்த அளவில் இருந்ததோ மாலையிலும் அதே அளவில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ காரணமாக டாக்டர் கட்டுப்பாடு சொல்லாதவரை, நாளுக்குக் குறைந்தது சுமார் 1.5 லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். திடீர்க் குழப்பம், வறண்ட நாக்கு, அடர்நிறச் சிறுநீர் எல்லாம் ஒன்றாக வந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். எடை ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் அதுவே 5 சதவீதம். மாதாமாதம் ஒரே தராசில் போடாத இல்லத்தில் இது தெரியவே வராது.

எல்லாமே அலட்சியம் ஆகிவிடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு கவனித்தாலும் தோல் உடையலாம். கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று சொல்வதும் நம்பத்தகுந்ததல்ல. ஆனால் இரண்டு மேல்கையின் உட்புறத்திலும் விரல் பதிந்ததுபோல் தடம் இருந்தால் பேசாமல் போகக் கூடாது.

சந்தேகம் வந்ததும் முதல் வேலை அவருடைய பாதுகாப்பு: டாக்டரைக் கூப்பிடுவது, தண்ணீர் கொடுப்பது, ஆபத்து உடனடியானதென்றால் அவசர உதவியையும் போலீஸையும் அழைப்பது. பிறகு எழுதுவது. "கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்" என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு. "காலை 7.40, வால் எலும்பில் 3 × 2 சென்டிமீட்டர் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, டயப்பர் நனைந்து மெத்தை வரை ஈரம்" என்று எழுதினால் அதை யாரும் மறுக்க முடியாது. அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். "அம்மா, இது எப்படி ஆச்சு?" என்று கேட்கலாம், "அவங்க அடிச்சாங்களா?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டியதாகிவிடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். சந்தேகத்துக்குரிய ஊழியரை நேரில் மடக்கி விசாரிப்பதும் நம் வேலையில்லை. சார்ட் திருத்தப்படத்தான் அது உதவும். படம் எடுப்பதானால் சம்மதத்தோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து, இல்லத்தின் கேமராவில்.

ஷிப்ட் முடியும் முன் பொறுப்பு நர்ஸிடம் வாயாலும் எழுத்திலும் சொல்லி, வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்துப் பெறுங்கள். அவர் மேலேயே சந்தேகம் என்றால் அவருக்கு மேலே. அங்கேயும் நகரவில்லை என்றால் உரிமம் தரும் வெளி அதிகாரி. பல இடங்களில் புகார் செய்வது ஊழியருக்குச் சட்டக் கடமையும்கூட. ஆட்குறைவால் நடந்ததை அன்று டியூட்டியில் இருந்த உதவியாளர் தலையில் கட்டி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் அன்றைய ஷிப்ட் பட்டியலையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

புகாருக்குப் பிந்தைய நாட்களில் நேரம் மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்க வேண்டும், முக்கியமாக இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா, கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டியிருக்கிறாரா, புதிதாகத் தூக்க மருந்து ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புகார் கொடுத்தவர் மேலுள்ள கோபம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வெளிப்படும்.