மூன்று பெயர்களில் சிதறிக் கிடந்த என் மேற்கோள்கள்

பெங்களூரில் கணினி அறிவியல் கற்பிக்கும் நம்மவர்கள், அதிலும் திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள், கல்லூரியில் மேற்கோள் கணக்கை (நம் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதை) வைத்து ஆசிரியர்களின் பட்டியல் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் உங்கள் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. என் பெயருக்கு எதிரே எச்-இன்டெக்ஸ், அதாவது மேற்கோள்களை வைத்து ஓர் ஆய்வாளருக்குத் தரும் எண், 5. நான் கணக்கிட்டு வைத்திருந்தது 9. பதவி உயர்வுக்கு அந்த எண்தான் அடிப்படை என்றார்கள். அதைத் திருத்தும் வேலை முடிந்துவிட்டது என்றாலும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸும் சக ஆய்வாளர்களும், உலக அளவில் அதிகம் மேற்கோள் பெறும் ஆய்வாளர்களை வரிசைப்படுத்தித் தரும் ‘முதல் 2 சதவீதம்’ பட்டியல் நாளிதழ்களில் அடிபடத் தொடங்கியதிலிருந்து எங்கள் நிர்வாகத்துக்கும் ஆசை வந்துவிட்டது. நாட்டின் முன்னணி ஆய்வாளர் வரிசையில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டு, முதலில் உள்ளுக்குள்ளேயே ஒரு வரிசை தயாரித்தார்கள். அந்த 2 சதவீதப் பட்டியலாவது ஆறு அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறது. சுயமேற்கோளை (தன் கட்டுரையைத் தானே சுட்டுவதை) நீக்கியும் கணக்குத் தருகிறது. எங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு எண். 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸ். அதையும் சந்தா கட்டும் தரவுத்தளம் ஒன்றிலிருந்து, பெயரைத் தட்டி, முதலில் வந்த பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

அங்கே நான் மூன்று பேராக இருந்தேன். முனைவர் பட்டம் வரை அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதினேன். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. எனவே அங்கே அப்பாவின் முழுப் பெயர் பின்னால் சேர்ந்தது. அச்சாகி வந்தபோது அப்பா பெயர் முழுதாக நின்றது, என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. உழைத்து எழுதிய கட்டுரையில் தன் பெயரையே காணாதவர்களுக்குத்தான் அந்த வலி புரியும். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறியது. அடுத்த கட்டுரைகள் அந்தப் பெயரில்.

அலுவலகத்தில் இதைக் கவனிப்பவர் அல்சூர்க்காரர், தமிழர். அதனால் விளக்குவது எளிது என்று நம்பிப் போனேன்.

“இந்த மூன்றும் நீங்கள்தான் என்று யார் சொன்னது, மேடம்?”

“நான்தான் சொல்கிறேன், சார். எல்லாக் கட்டுரையிலும் என் மின்னஞ்சல் இருக்கிறது, பாருங்கள்.”

“நீங்கள் சொன்னால் ஆடிட்டில் ஒப்புக்கொள்வார்களா? ஒரே நபர்தான் என்று நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவாருங்கள்.”

மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கம் சிட்டி சிவில் கோர்ட் வரை போய், வெயிலில் நின்று, முத்திரைத்தாளில் அடித்து வாங்கி வந்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பத்திரம் சரி. ஆனால் எண்ணை நாங்கள் மாற்ற முடியாது. தரவுத்தளத்தில் மாறினால்தான் இங்கே மாறும்.” இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பாதி நாள் வகுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டுப் போனவள் நான். நீங்களாவது பத்திரத்துக்கு ஓடும் முன், பத்திரம் கொடுத்தால் எண் மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, அவரே ஒரு வழியும் சொன்னார்: “மூன்று பக்கத்தில் 5, 4, 3 என்று இருக்கிறது. கூட்டி 12 என்று போட்டுவிடட்டுமா?” வேண்டவே வேண்டாம் என்றேன். எச்-இன்டெக்ஸைக் கூட்டக் கூடாது. 9 என்றால், தலா 9 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 9 இருக்கின்றன என்று பொருள். சிதறிய பக்கங்களை இணைத்தால் வரும் எண் 5-க்குக் குறையாது, 12-ஐத் தாண்டாது. நடுவில் எங்கே நிற்கும் என்பதைக் கட்டுரைகளை வரிசையாக அடுக்கி எண்ணினால்தான் தெரியும். யாராவது உங்களுக்கு உதவுவதாகக் கூட்டிப் போட்டால் உடனே தடுத்துவிடுங்கள். பின்னால் சரிபார்ப்பில் பொய்க் கணக்கு என்று நம் பெயர்தான் கெடும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேட கூகுள் இலவசமாகத் தரும் கூகுள் ஸ்காலரில் உள்ள என் பக்கத்தைக் காட்டியும் பார்த்தேன். ஏற்கவில்லை. இதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஸ்காலரில் ஆய்வேடும், இன்னும் மதிப்பாய்வு ஆகாத முன்பதிப்பும் கொடுக்கும் மேற்கோள்கள்கூட எண்ணிக்கையில் சேரும். யார் கட்டுரையையும் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

மூன்று பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்கு இணைப்பு விண்ணப்பம் போடுவது சில நிமிட வேலை. ஆனால் ஊரும் நிறுவனமும் பொருந்தாததால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தில் ‘பேங்களூர்’, இன்னொன்றில் ‘பெங்களூரு’, மூன்றாவதில் பெலகாவியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயர். 2014 நவம்பரில் ஊர்ப்பெயர்கள் அதிகாரப்பூர்வமாக மாறியதும், நம் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதும் எங்கோ உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

மறுபடி போட்டபோது ஒன்றையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. முதலில் ஆர்கிட் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் தளம்) கணக்கில் மூன்று பெயர் வடிவங்களையும் பதிந்து, எல்லாக் கட்டுரைகளையும் அவற்றின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணோடு ஏற்றினேன். பிறகு கல்லூரி மின்னஞ்சலிலிருந்து, ஊரும் நிறுவனமும் ஏன் மாறின என்று இரண்டே வரியில் எழுதி அனுப்பினேன். கூடவே, என் பக்கத்தில் புகுந்திருந்த கான்கிரீட் கட்டுரைகளை நீக்கவும் கேட்டேன். அவை என் பெயர் கொண்ட ஒரு சிவில் பொறியாளருடையவை. மொத்த மேற்கோள் குறையும், விட்டுவிடு என்று சிலர் சொன்னார்கள். அவர் உழைப்பு அவருக்குப் போகட்டும். என்னுடையதற்குத்தானே நான் இவ்வளவு அலைகிறேன்?

பக்கம் ஒன்றானது. எச்-இன்டெக்ஸ் 9. அந்தத் திரையைப் பார்த்ததும் ஆய்வகத்தில் இருந்த மாணவிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதோடு முடியவில்லை. அலுவலகப் படிவத்தில் ஆய்விதழுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது, மாநாட்டுக்கு இல்லை. வேறு துறைக்கு அது சரியாக இருக்கலாம். கணினி அறிவியலில் பல முக்கியமான வேலைகள் மாநாட்டில்தான் வெளியாகின்றன. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையே 2017-இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் வந்ததுதான். இதை எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதில் கையெழுத்திட்டு, தானே அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். புதிய படிவத்தில் மாநாட்டுக்கும் கட்டம் வந்துவிட்டது.

இணைப்பு முடிந்ததும் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளம் அனுப்பிய ஒப்புதல் மின்னஞ்சலின் நகலும் வேண்டும். எங்கள் அலுவலகம் இரண்டையும் கேட்டது. இனி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரே பெயர் வடிவம், ஆர்கிட் எண், கல்லூரியின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டல். உடன் எழுதும் மாணவர்கள் சமர்ப்பித்தால் பெயர்க் கட்டத்தை நீங்களே ஒருமுறை பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். திருத்திய பட்டியல் போன வாரம் ஒட்டப்பட்டது. எங்கள் துறையிலேயே இன்னும் இரண்டு பெண்களின் பக்கங்கள் பிரிந்து கிடக்கின்றன. அவர்களுடைய விண்ணப்பங்களை இப்போது சேர்ந்து தயாரிக்கிறோம்.