வுட் ஃபில்லர் வாங்குறதுக்கு முன்னாடி பெயின்ட்டா பாலிஷான்னு முடிவு பண்ணிக்கோங்க

தண்ணி பேஸ் வுட் ஃபில்லர் (மரத்துல இருக்குற ஓட்டை, பள்ளத்த அடைக்கிற பேஸ்ட்) டப்பா நெறையதுல "ஸ்டெயின் ஏறும்"னு, அதாவது மரத்துக்குக் கலர் குடுக்கற திரவம் இதுலயும் புடிக்கும்னு பெருசா போட்டிருப்பாங்க. ஏறும்தான், ஆனா பக்கத்துல இருக்குற மரத்துல ஏறுற மாதிரி ஏறாது. மரத்துல நாரு இருக்கு, நுணுக்கமா ஓட்டை இருக்கு, ஸ்டெயின் அதுக்குள்ள எறங்கி நிக்கும், ஃபில்லர்ல இருக்கறது பெரும்பாலும் சுண்ணாம்புத்தூள் மாதிரி ஏதோ ஒரு பவுடர், சிலதுல மரத்தூள், அதையெல்லாம் சேத்துப் புடிக்க அக்ரிலிக் மாதிரி ஒரு பசை, அவ்ளோதான், மரத்துல ஓடுற கோடு மாதிரி ரேகைன்னு ஒண்ணு அதுல கெடையவே கெடையாது.

அதனால பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா கண்ண மூடிட்டு தண்ணி பேஸ் எடுங்க, வெள்ளைக் கலரா இருந்தாக்கூட பரவால்ல. சால்வென்ட் ஃபில்லர் (தண்ணிக்குப் பதிலா தின்னர் மாதிரி கரைப்பான் கலந்தது) மாதிரி நாத்தம் இருக்காது, கத்தி கையெல்லாம் காயறதுக்குள்ள தண்ணியிலயே கழுவிடலாம். ரேகை தெரியிற மாதிரி வார்னிஷோ பாலிஷோ போடறதா இருந்தாதான் ஷேடு பாக்கணும்.

ஷேடு பாக்கறப்ப காஞ்ச மரத்தோட வச்சுப் பாத்தா தப்பாதான் வரும். ஈரத்துணியால மரத்தை ஒருதடவ தொடைங்க, அப்ப தெரியிற கலர்தான் வார்னிஷ் போட்டப்புறம் வரப்போற கலருக்குக் கிட்டத்தட்ட இருக்கும். ஃபில்லரும் காஞ்சா கொஞ்சம் வெளிறும், வார்னிஷ் பட்டா மறுபடி மாறும். அதே மரத்தோட துண்டு ஒண்ணுல தடவி, காய வச்சு, தேச்சு, போடப்போற ஃபினிஷையே போட்டுப் பாத்துடுங்க. ரெண்டு ஷேடுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா நான் அடர்த்தியானதத்தான் எடுப்பேன், கருப்பா ஒரு புள்ளி இருந்தா கணுன்னு நெனச்சு கண்ணு தாண்டிப் போயிடும், வெளுப்பா இருந்தா அங்கயே நிக்கும். பவுடர் கலர் கலக்கறதா இருந்தா தடவறதுக்கு முன்னாடியே கலந்துடுங்க, காஞ்சப்புறம் மேல பூசினா அவ்ளோ சரியா வராது.

ஆணி ஓட்டைக்குப் போடறப்ப அதைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவுல ஓட்டை அளவுக்கு மட்டும் குத்தி விட்டுட்டுப் போடுங்க. இல்லன்னா சுத்தி இழுசுன ஃபில்லர் மரத்தோட நுணுக்கமான ஓட்டைகள்ல போய் அடைஞ்சுக்கும், அப்ப ஒண்ணும் தெரியாது, வார்னிஷ் போட்டதும் ஆணியச் சுத்தி வட்டமா ஒரு மங்கல் தெரியும் பாருங்க. கத்தியால ஒரு பக்கமிருந்து அழுத்திட்டு, மறுபக்கமிருந்தும் அழுத்துங்க, உள்ள காத்து நிக்கக்கூடாது. தண்ணி ஆவியாப் போறதால ஃபில்லர் சுருங்கும், அதனால மட்டமா வழிக்காம லேசா மேடா விட்டுருங்க. ஆழமான ஓட்டைன்னா ஒரேயடியா அடைக்காதீங்க, மேல காஞ்சு தோல் கட்டிடும், உள்ள ஈரமாவே கெடந்து அப்புறம் குழி விழும், கொஞ்சம் கொஞ்சமா காய விட்டுப் போடணும். காஞ்சிடுச்சான்னு உப்புத்தாளே சொல்லிடும், மாவு மாதிரி கொட்டுனா காஞ்சாச்சு, தாள்ல பிசுபிசுன்னு ஒட்டி உருண்டுச்சுன்னா விட்டுட்டு வேற வேலையப் பாருங்க. தேய்க்கறப்ப தாளுக்குப் பின்னாடி ஒரு கட்டை வச்சுக்கோங்க, வெறும் விரலால தேச்சா பள்ளம் விழுந்துடும், 120 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 180, 220ன்னு (நம்பர் ஏற ஏற தாள் நைஸா இருக்கும்) முடிச்சா போதும்.

மேஜைப் பலகை ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்குக்கு இதப் போடாதீங்க, ஈரப்பதம் மாற மாற மரம் அகலவாக்குல விரிஞ்சு சுருங்கும், ஃபில்லர் அதுகூட சேந்து போகாது, விரிசல் விட்டுடும். லூஸான ஸ்க்ரூ ஓட்டைக்கும் சரிப்படாது, அங்க பசை தடவி மரக்குச்சி அடிச்சு, காஞ்சப்புறம் புதுசா ஓட்டை போடறதுதான் சரி. மழை படற இடத்துக்கு எபாக்ஸி (ரெண்டு பாகத்தைக் கலந்து போடற, இறுகிப்போற ஃபில்லர்) பக்கம் போயிடுங்க. நசுங்குன பள்ளம் மட்டும்னா (நாரு அறுபடாம இருந்தா) ஃபில்லரே வேணாம், ஈரத்துணி வச்சு மேல அயர்ன்பாக்ஸ் லேசா வச்சா ஆவியில நாரு உப்பி முக்காவாசி மேல வந்துடும்.

வெள்ளைப் பசையில மரத்தூள் கலந்து அடைக்கிறது பெயின்ட் வேலைக்கு ஓகே. ஸ்டெயின் போடற எடத்துல வேணாம், பசை காஞ்ச எடத்துல ஸ்டெயின் ஏறவே ஏறாது.

டப்பாவுல கெட்டியாயிட்டா தூக்கிப் போடாதீங்க, ரெண்டு சொட்டு தண்ணி விட்டு நல்லா பிசைஞ்சா பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஆனா கல்லு மாதிரி எறுகிட்டத அப்படி ஒண்ணும் பண்ண முடியாது.